செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

எங்கள் ஊரில் தண்ணீருக்குக் காது உண்டு என்று சொன்னால் இன்றைக்கு மரகதம் அவென்யூவில் குடியிருக்கிற யாரும் சிரிப்பதில்லை. சிரித்த காலம் ஒன்று இருந்தது, அப்போது நாங்களும் சேர்ந்துதான் சிரித்தோம், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையைத் துடைத்தோம்.

அவென்யூ வருவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு ஏழுமடை என்று பெயர். செம்மணல் மேடு மேடாகக் கிடக்கிற தேரிக்கு நடுவில், ஆடிக்காற்று அடித்தால் நேற்றைக்கு இருந்த மேடு இன்றைக்கு நூறு அடி தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிற அந்தப் பாலையில், ஒரே ஒரு மேட்டின் காலடியில் மட்டும் ஊற்று ஒன்று சுரந்தது, ஊற்றிலிருந்து ஒரு வாய்க்கால் இறங்கியது, வாய்க்காலில் ஏழு மடை இருந்தது, மடைக்கு ஒரு தோட்டமாக ஏழு வீடு வாழையும் வெற்றிலையும் போட்டுப் பிழைத்தது. ஏழு வீட்டுக்கும் ஏழு கிழமை. திங்கள் எங்கள் வீட்டு முறை, செவ்வாய் செல்லக்கனிப் பெரியம்மை வீட்டு முறை, வெள்ளி பால்வண்ணன் மாமா வீட்டு முறை, மற்ற நாலு கிழமைக்கும் மற்ற நாலு வீடு. வீட்டுக்காரர் செத்தாலும் கிழமை மாறாது, மழை பெய்தாலும் மாறாது, கல்யாணம் காட்சி என்றாலும் மாறாது.

மடை திறப்பதற்கு ஒரு முறைமை உண்டு. விடியும்போது மடையில் போய் நின்று, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, தண்ணீருக்குக் கேட்கிற மாதிரிப் பேரைச் சொல்ல வேண்டும். "லிங்கத்துரை திறக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் அப்பா மண்ணை வெட்டுவார், பொழுது சாய்ந்ததும் "லிங்கத்துரை அடைக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மண்ணை வைப்பார். பேர் சொல்லாமல் மடையில் கை வைக்கிறவனைத் தண்ணீர் தேடும் என்று சொல்லுவார்கள். பால்வண்ணன் மாமாவின் அப்பாவுக்குப் பிறவியிலேயே பேச்சு வராது. அவர் மடையில் நின்று நெஞ்சில் மூன்று தட்டுத் தட்டுவாராம், தண்ணீர் புரிந்துகொண்டு போகுமாம்.

இப்படி இருந்த ஊருக்குப் பக்கத்தில் துறைமுகம் வந்தது, துறைமுகத்தைப் பார்த்து மின்நிலையம் வந்தது, மின்நிலையத்தைப் பார்த்து நகரம் வந்தது, நகரம் தேரி மணலைத் தள்ளிக்கொண்டு தார் ரோடு போட்டுப் போட்டு ஒருநாள் எங்கள் வாழைக்கு எதிரே வந்து நின்றது. அதிலிருந்து வெள்ளை ஷூ போட்ட ஒருவர் இறங்கினார். நல்ல மனுசர். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்தார், பெரியவர்களை அண்ணாச்சி என்றார், வரப்பில் நடக்கும்போது ஷூவில் சேறு படாமல் இருக்க இரண்டு பலகையை மாற்றி மாற்றிப் போட்டு நடந்தார். ஏழு தோட்டமும் ஒரே துண்டாகக் கிடைத்தால்தான் எடுப்பேன், ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு வீடு சம்மதித்தது. செல்லக்கனிப் பெரியம்மை மாட்டேன் என்றாள். அவள் புருஷன் என் அப்பாவுக்குப் பெரியப்பா மகன், செத்து ஆறு வருஷம். ஒரே மகளை பம்பாய்க்குக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகக் கொடிக்கால் பார்த்தாள், வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கிச் சந்தைக்குச் சுமந்தாள்.

"வெத்தலய விட்டுட்டு நான் எங்கன போய் ஒக்காருவேன் லிங்கம்?" என்று எங்கள் வரப்பில் நின்று அப்பாவிடம் கேட்டாள். "மாடி வீட்டுலயா? மாடியில ஒக்காந்து என்னத்தக் கிள்ளுவேன், என் தொடையவா?"

அப்பா சிரித்தார். அம்மா சிரித்தாள். நானும்தான்.

அந்த வாரம் ஆறு வீட்டுப் பெரியவர்களும் வெள்ளை ஷூக்காரரின் தகரக் கொட்டகையில் மேஜை ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். யாரும் கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. தண்ணி கொஞ்சம் கொறஞ்சா அவளே யோசிப்பா என்று ஒருவர் சொன்னார், பாவம் ஒத்தப் பொம்பள, எத்தன நாளைக்குச் சுமப்பா என்று இன்னொருவர் சொன்னார், அவளுக்கும் அதுதான் நல்லது என்று மூன்றாமவர் சொன்னார், சொல்லிவிட்டு எல்லாரும் என் அப்பாவின் கையைப் பார்த்தார்கள். ஏனென்றால் பெரியம்மையின் மடைக்குப் போகிற தண்ணீர் எங்கள் வரப்புக்கு அடியில் புதைத்த பனந்தூம்பு வழியாகத்தான் போக வேண்டும், உள்ளே குடைந்தெடுத்த நீளமான பனந்தடி அது, அதன் வாய் எங்கள் தோட்டத்துக்குள் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல உச்சி வெயிலில், அவள் சந்தைக்குப் போயிருந்தபோது, அப்பா வாழைத்தண்டு ஒன்றை வெட்டித் தோளில் கிடந்த துண்டால் சுற்றித் தூம்பின் வாயில் அடைத்து மேலே மண்ணைப் போட்டு மிதித்தார். பேர் சொல்லவில்லை. அம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்து கொடுத்தாள், அவர் சாப்பிட்டார்.

அடுத்த செவ்வாய் பெரியம்மை மடையில் நின்று "செல்லக்கனி திறக்கேன்" என்றாள். ஈரம்கூட வரவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அதற்கடுத்த செவ்வாய் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கூப்பிட்டாள். "செல்லக்கனி திறக்கேன்! செல்லக்கனிதான்! கேக்கா? ஏ தாயே, ஒனக்குக் கேக்கா?" ஆறு வீட்டுக்கும் கேட்டது. ஆறு வீட்டிலும் ஆளாளுக்கு ஏதோ வேலை இருப்பது போல உள்ளே போனோம். அவள் விடாமல் நாலு செவ்வாய் கூப்பிட்டாள், வெற்றிலை நாலு செவ்வாயும் மஞ்சளாகிக்கொண்டே வந்தது, ஐந்தாம் செவ்வாய் கொடியெல்லாம் அகத்தியிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. அவள் வந்து கையெழுத்துப் போட்டாள்.

பத்திர ஆபீஸில் ஏழு வீட்டுக்காரர்களும் எழுத்தரிடம் தங்கள் பேரை ஒழுங்காகச் சொன்னார்கள். மடையில் போய்ச் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டம் கை மாறினால் பழைய ஆளும் புதிய ஆளும் சேற்றில் இறங்கி நின்று, என் முறை முடிஞ்சுது, இனி இவர் முறை என்று தண்ணீருக்குச் சொல்லித்தான் அதுவரை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் அந்த மனுசரை ஷூவைக் கழற்றச் சொல்ல வேண்டும். அதைக் கேட்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவாரோ என்று இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறி வந்துவிட்டோம்.

மரகதம் அவென்யூ எழும்பியது. ஊற்றின் மேல் கான்கிரீட் போட்டார்கள், ஊற்று வற்றிவிட்டது என்றார்கள். ஆறு வீட்டுக்கும் உள்ளேயே ஆளுக்கு ஒரு ஃபிளாட் கிடைத்தது. காய்ந்த கொடிக்காலுக்கு என்ன கிடைக்கும், பெரியம்மைக்குக் காம்பவுண்டு சுவருக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை கிடைத்தது.

பால் காய்ச்சிக் குடிபோன மறு திங்கட்கிழமை விடியற்காலையில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக்குத் தண்ணீர் வந்தது. கதவுக்கு அடியில் நுழைந்து, செருப்புகளை ஒதுக்கிவிட்டு, புது டைல்ஸில் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்காலாக ஓடிவந்து அப்பாவின் கட்டிலுக்குக் கீழே நின்றது. வாழைத்தோட்டத்து வாசம் அடித்தது. அம்மா துடைக்கத் துணி தேடினாள். அப்பா எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார், பிறகு வெளியே யாருக்கும் கேட்காத குரலில் "லிங்கத்துரை திறக்கேன்" என்றார், சொல்லிவிட்டுத் துடைப்பக்கட்டையால் டைல்ஸில் கோடு இழுத்துக் காட்டினார், தண்ணீர் கோட்டைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய் டிரம்மில் ஏறியது.

புதன்கிழமை புதன் வீட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பால்வண்ணன் மாமாவின் நாலாம் மாடிக்கு வந்தது. "படியேறில்லா வந்துச்சு சவம்," என்று மாமா அடிக்குரலில் சொன்னார். "லிஃப்ட்டுல அமுக்கத் தெரியல போல. மூணாவது மாடியில ஒரு எடத்துல நின்னு மூச்சு வாங்கிட்டு வந்துச்சுன்னு பக்கத்து வீட்டம்மா சொல்லுதாவ."

முதலில் ஒழுகல் என்று புகார் வந்தது, பிளம்பர் வந்தார், ஒவ்வொரு குழாயையும் தட்டிப் பார்த்தார், படிக்கட்டில் மேல்நோக்கி ஏறுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு இது என் லைன் இல்லை என்று சொல்லிப் போனார். பிறகு கோடை வந்தது. லாரித் தண்ணீர் வாரத்துக்கு மூன்று தடவை என்பது ஒரு தடவையாகி, ஒரு தடவை என்பது வந்தால் உண்டு என்றாகி, தேரிக்காற்று வீசி சலவைத்துணி எல்லாம் சிவந்து கிடந்த ஒரு நாளில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரங்கநாயகம் சார் கையில் ஒரு வாளியோடு எங்கள் வாசலில் நின்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனுசர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏனுங்கண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார். "இன்னிக்கு உங்க கெழமைங்களாமா?"

அதற்குப் பிறகு எல்லாம் பழகிவிட்டது. மனுசர்களுக்கு எதுதான் பழகாது. கீழே அறிவிப்புப் பலகையில் கிழமை வாரியாக எந்த பிளாக், எத்தனையாம் நம்பர் வீடு என்று எழுதி ஒட்டினார்கள், படிக்கட்டில் வரிசை நிற்பதற்கு மஞ்சள் கோடு போட்டார்கள், தண்ணீர் ஏறி வருகிற நேரத்தில் பிள்ளைகள் படியில் விளையாடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள், புதிதாகக் குடிவருகிறவர்கள் கிழக்குப் பார்த்த வாசலா என்று கேட்பதை விட்டுவிட்டுத் தண்ணீர்க்கார வீட்டுக்குப் பக்கத்து வீடா என்று கேட்டார்கள். மூன்று தலைமுறை சேற்றில் நின்ற ஆறு வீட்டுக்காரர்களும் அவென்யூவுக்குப் பெரிய மனுசர்கள் ஆனோம். அப்பா லிஃப்ட்டுக்குள் நுழைந்தால் டை கட்டினவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் பலகையில் 'லாரி' என்று எழுதியிருந்தது.

செவ்வாயன்று யாருக்கும் தண்ணீர் வருவதில்லை என்று ஊரே நம்பியது. வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தது. திங்கள் தண்ணீர் போலச் சலசலத்துக்கொண்டு வராமல், ஓசையில்லாமல் கதவுக்கு அடியில் நுழைந்து, அப்பா எங்கே இருக்கிறாரோ அங்கே போய் அவர் காலைச் சுற்றி ஒரு பாத்தி அளவுக்குக் கணுக்கால் ஆழத்தில் நின்றது. கோடு இழுத்தால் போகாது. செம்பில் மொண்டால் செம்பு காலியாக வரும். அப்பா காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தால் நாற்காலியைச் சுற்றி நிற்கும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருப்பார், அம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். யாராவது கதவைத் தட்டினால், அவுக இன்னைக்கு விரதம், பேசமாட்டாவ என்று சொல்லுவாள். அதுவும் எங்களுக்கு மரியாதையாகப் போயிற்று. லிங்கத்துரை அண்ணாச்சி இத்தனை வருஷமாகச் செவ்வாய் மௌன விரதம் இருக்கிறார், அதனால்தான் திங்கள் தண்ணீர் இவ்வளவு ருசி என்று எதிர் பிளாக்கில் பேசிக்கொண்டார்கள்.

சுவருக்கு வெளியே, தகரக் கூரைக்கு முன்னால், பெரியம்மை செவ்வாய்தோறும் விடியற்காலையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஆறு வீட்டுக்கும் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு நின்றாள். "செல்லக்கனி திறக்கேன்" என்று அவள் கூப்பிடுவது எங்கள் பால்கனிக் கண்ணாடியைச் சாத்தினாலும் கேட்கும். அப்பா தலையைக் குனிந்துகொள்வார், அவர் காலடியில் தண்ணீர் அந்தக் குரல் வருகிற பக்கமாக லேசாகச் சாய்ந்துவிட்டு மறுபடியும் நேராகும். பிறகு அவள் லாரிக்காரனிடம் வரிசையில் நிற்கப் போவாள்.

பேச்சு வளர்ந்தது. ஏழில் ஆறு பேருக்கு வருகிற தண்ணீர் ஒருத்திக்கு மட்டும் வரவில்லை என்றால் அவளிடம் ஏதோ இருக்கிறது என்றார்கள். புருஷன் சாகும்போது வாய்க்குத் தண்ணீர் ஊற்றவில்லையாம் என்று ஒருத்தி சொன்னாள், இன்னொருத்தி அதை நம்பினாள். எங்கள் ஆறு வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை.

"நீங்க சொல்லாட்டா நான் சொல்லிருவேன்," என்று அம்மா ஒரு செவ்வாயன்று அப்பாவிடம் சொன்னாள்.

"சொல்லு," என்றார் அப்பா. "கஞ்சி கொண்டாந்து வச்சதையும் சேத்துச் சொல்லு."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம்தான் சங்கத்துக்கு அம்மன் கொடைவிழா நடத்த ஆசை வந்தது. ஊற்றடியில் இருந்த எங்கள் அம்மனை ஸி பிளாக் கார் பார்க்கிங் ஓரமாக ஒரு டைல்ஸ் அறையில் வைத்திருந்தார்கள். எத்தனையோ வருஷமாகக் கொடை இல்லை. அம்மனுக்குக் கோபம் வந்துதான் லாரிகூட வருவதில்லை என்று யாரோ சொல்ல, ரங்கநாயகம் சார் நோட்டீஸ் அடித்துவிட்டார். சித்திரை கடைசிச் செவ்வாய். கொடை எப்போதும் செவ்வாய்தான். செவ்வாய் என்றால் முதல் குடம் செவ்வாய் முறைக்காரர் வீட்டிலிருந்து வர வேண்டும், பேரைச் சொல்லித் தலையில் சுமந்து கொண்டுவந்து அம்மன் காலில் ஊற்ற வேண்டும். நோட்டீஸில் அச்சாகிவிட்டது: முதல் குடம், திருமதி செல்லக்கனி.

கொடைக்கு முந்தின நாள் திங்கட்கிழமை, வரிசை எல்லாம் கலைந்த பிறகு, பெரியம்மை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் எங்கள் படியேறியது அதுதான் முதல் தடவை. இடுப்பில் பச்சைக் குடம் இருந்தது. டைல்ஸில் கால் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கக்கா," என்றாள் அம்மா.

"இருக்கட்டும்." அவள் அப்பாவைப் பார்த்தாள். "தம்பி, ஒன் திங்கக்கெழமத் தண்ணியில ஒரு கொடம் குடு."

"எதுக்கு மைனி?"

"நாளைக்கு அத என் தண்ணின்னு கொண்டு போறேன். பொய்தான். அம்ம மன்னிச்சிக்கிடுவா. இத்தன சனத்துக்கு முன்னால எனக்குத் தண்ணி வரலன்னு சொல்ல முடியாது லிங்கம், அவமானமா இருக்கு." அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நான் என்ன குத்தம் செஞ்சேன்னு ஒனக்குத் தெரியுமா? பக்கத்து வரப்புக்காரன்லா நீ. நான் மறந்தது ஏதாவது இருந்தா சொல்லிரு. பெறவு நான் அத நெனச்சு நெனச்சாவது கெடப்பேன்."

அப்பா எழுந்து போய் டிரம்மின் மூடியைத் திறந்தார். அம்மா அவள் கையிலிருந்து குடத்தை வாங்கி, டிரம்மில் மொண்டு மொண்டு கழுத்து மட்டும் நிறைத்து, வாயை வாழையிலையால் மூடி, அவள் இடுப்பில் வைத்துவிட்டாள். "யாருகிட்டயும் சொல்லிராதிய," என்று சொல்லிவிட்டு அவள் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். படியில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மறுநாள் தண்ணீர் வழக்கம்போல வந்து அப்பாவின் காலைச் சுற்றி நின்றது. கீழே நையாண்டி மேளம் தொடங்கியது. உருமிச் சத்தம் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நெற்றியெல்லாம் வேர்வை. குடம் கிளம்பினால் குலவை போடுவார்கள். குலவைச் சத்தம் கேட்டதும் அவர் எழுந்தார். எழுந்து, தாழ்ப்பாளைத் தானே திறந்து, சட்டைகூடப் போடாமல் படியிறங்கினார். தண்ணீர் அவருக்குப் பின்னால் படிப்படியாக இறங்கியது. லிஃப்ட்டுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள், வாட்ச்மேன் எழுந்து நின்றான், வேகத்தடை மேல் ஏறி இறங்கி, வளர்த்த ஆடு போல ஒட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் என் அப்பாவுக்குப் பின்னால் வந்தது. நானும் அம்மாவும் அதற்குப் பின்னால் வந்தோம்.

பெரியம்மை அம்மன் முன்னால் குடத்தோடு நின்றாள். "செல்லக்கனி கொண்டாந்திருக்கேன்" என்று சொல்ல வாயெடுத்தவள் தண்ணீரைப் பார்த்தாள். மேளம் நின்றது.

"மைனி," என்றார் அப்பா. "இது ஒங்க தண்ணி."

காலைச் சுற்றி நின்ற தண்ணீரைக் கையால் காட்டினார்.

"ஒங்க தூம்ப நான்தான் அடச்சேன். ஒங்க வெத்தல காஞ்சது என்னால. ஒங்க மேல ஒரு குத்தமும் கெடையாது."

பால்வண்ணன் மாமா ஓடிவந்து அப்பாவின் தோளைப் பிடித்தார். "லே லிங்கம், கோயில்ல வச்சி என்னல இது? வெயில் ஏறிட்டு இவனுக்கு. வா, வந்து மோர் குடி."

"தோள விடு பால்வண்ணன்," என்றாள் பெரியம்மை. அவர் விட்டார். அவள் அப்பாவிடம் கேட்டாள்: "யாரு சொல்லி அடச்ச?"

ஐந்து வீட்டுக்காரர்களும் அங்கே இருந்தார்கள். ஒருவர் பார்க்கிங் விளக்குக் கம்பத்தைப் பார்த்தார், ஒருவர் கைபேசியை எடுத்தார், எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருக்கிற பால்வண்ணன் மாமா தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாரும் சொல்லல," என்றார். "எல்லாரும் என் கையப் பாத்தாவ. அவ்வளவுதான்."

பெரியம்மை தலையிலிருந்த குடத்தை இறக்கினாள். வாழையிலையை எடுத்தாள். அத்தனை தண்ணீரையும் தரையில் சாய்த்தாள், கடைசிச் சொட்டு விழும் வரை குடத்தைக் கவிழ்த்தே பிடித்திருந்தாள்.

"அது திங்கக்கெழமத் தண்ணி," என்று கூட்டத்துக்குச் சொன்னாள். "பொய் சொல்ல இருந்தேன்." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "அடச்சவன்தான் திறக்கணும். போ. பேரச் சொல்லித் திற."

தூம்பு இருந்த இடம் ஸி பிளாக்கின் பதினேழாம் நம்பர் பார்க்கிங். அங்கே நின்ற காரைத் தள்ளி நகர்த்தினார்கள். அப்பா கடப்பாரையை வாங்கி தரைக்கல்லை நெம்பினார். "ஏனுங்க, அது சங்கத்துச் சொத்துங்க," என்று தொடங்கிய ரங்கநாயகம் சார், தண்ணீர் வந்து குழியைச் சுற்றி நிற்பதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லை எடுத்து அடுக்கினார். ஐந்து வீட்டுக்காரர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். கல்லுக்குக் கீழே ஜல்லி, ஜல்லிக்குக் கீழே செம்மண், செம்மண்ணுக்குக் கீழே பனந்தடி. அதன் வாயில் அப்பாவின் துண்டு இருந்தது. இற்றுப்போகவில்லை. நனைந்து, கட்டம் போட்ட கரை அப்படியே தெரிய, நேற்றைக்கு அடைத்தது போல இருந்தது. உள்ளே வாழைத்தண்டு பச்சையாக இருந்தது.

அப்பா குழிக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, அம்மனுக்கும், எட்டு பிளாக்குக்கும், பால்கனிகளில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, நான் அதுவரை கேட்காத ஒரு குரலில் சொன்னார்:

"லிங்கத்துரை அடச்சேன்! லிங்கத்துரை திறக்கேன்!"

துண்டை உருவினார். தண்ணீர் அவரை விட்டுவிட்டுத் தூம்புக்குள் போயிற்று. அந்தப் பக்கம், ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கிற பிள்ளைகள் பூங்காவில், செல்லக்கனிப் பெரியம்மையின் கொடிக்கால் இருந்த அளவுக்கு, ஒரு விரல்கூட எல்லை தாண்டாமல், தண்ணீர் கட்டி நின்றது. அவள் அதற்குள் இறங்கினாள். சேலையை நனையவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு குனிந்து குடத்தை முக்கினாள், தண்ணீர் குடத்துக்குள் ஏறியது.

அப்பா குழியை விட்டு எழுந்துவந்து அவள் காலில் விழுந்தார். "எந்திரி," என்றாள். "நேரமாவுது. அம்ம காத்துக்கிட்டிருக்கா." அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் பேசவில்லை, இன்றுவரைக்கும் பேசவில்லை.

மறுநாள் புதன் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. வெள்ளிக்கிழமை பால்வண்ணன் மாமா நாலாம் மாடிப் படியில் வாளியோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை அப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்று பேர் சொன்னார், இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னார், மூன்றாம் தடவை சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையில் ஆறு கிழமைக்கும் 'லாரி' என்று எழுதினார்கள்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறது. காம்பவுண்டுக்கு வெளியே, தகரக் கூரைக்கு முன்னால் வருகிறது. சங்கத்தில் அவளுக்கு உள்ளே ஒரு ஃபிளாட் கொடுக்கிறோம் என்று கெஞ்சினார்கள், அவள் வேண்டாம் என்றுவிட்டாள். தகரக் கூரையைச் சுற்றி நாலு அகத்தி நட்டு, கொடி ஏற்றியிருக்கிறாள். விடியற்காலையில் எட்டு பிளாக்கும் கேட்டைத் தாண்டிப் போய் வரிசையில் நிற்கிறது. அவள் யாரையும் இல்லை என்று அனுப்புவதில்லை. வாடகைக்கு வந்தவர்களுக்கும் நேற்று வந்தவர்களுக்கும் வாய் பேசாமல் நிறைத்துக் கொடுக்கிறாள். ஆறு வீட்டு ஆட்கள் வந்தால் மட்டும் குடத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பாள்.

அப்பா போவதில்லை. அம்மாவால் முடியவில்லை, ஒரு தடவை போய்விட்டு வெறும் குடத்தோடு திரும்பிவந்தாள். நான்தான் போகிறேன். நான் நடை பழகியதே அவள் கொடிக்காலில்தான், என் மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசியவளும் அவள்தான். என் முறை வந்ததும் குடத்தை நீட்டுவேன். அவள் வாங்கிக்கொண்டு என் முகத்தை நன்றாகப் பார்ப்பாள்.

"யாரு?" என்பாள்.

எனக்கு எப்போதும் மெதுவாகப் பேசித்தான் பழக்கம். பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "லிங்கத்துரை மகன்" என்பேன்.

அவள் குடத்தைத் தண்ணீருக்கு மேல் பிடித்துக்கொண்டு, முக்காமல், காத்திருப்பாள்.

"கேக்கல," என்பாள்.